2-புரோமோ-4-நைட்ரோபினாலா, 3-புரோமோ-4-ஹைட்ராக்சிநைட்ரோபென்சீனா?

ஒரே சேர்மத்துக்கு இந்த இரண்டு பெயர்களில் எது சரி என்பதே கேள்வி. அதன் பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில், அதன் பக்கத்துக் கார்பனில் புரோமின், ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிரே நைட்ரோ. சரியான பெயர் 2-புரோமோ-4-நைட்ரோபினால்.

முதலில் தாய்ப்பெயர், அதாவது பெயரின் இறுதியில் நிற்கும் அடிப்படைப் பெயர், எது என்று பாருங்கள். கார்பாக்சிலிக் அமிலம், ஆல்டிஹைடு, ஹைட்ராக்சில், அமினோ என்ற வரிசையில் முன்னால் வருவதே தாய்ப்பெயரைத் தரும். அது நிற்கும் கார்பன்தான் 1. அதனால்தான் சாலிசிலிக் அமிலம் 2-ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம் ஆகிறது. அங்கே பினால் தோற்றுவிடும். நைட்ரோவும் (புரோமின், குளோரின் போன்ற) ஹாலஜன்களும் எப்போதும் முன்னொட்டுகளே, எனவே இரண்டாவது பெயர் அடியிலேயே தவறு.

அடுத்தது எண்ணும் திசை. நம் சேர்மத்தில் புரோமின் பக்கமாகச் சுற்றினால் புரோமோ, நைட்ரோ நிற்கும் எண்கள் 2,4. எதிர்ப்பக்கம் போனால் 4,6. முதலில் வேறுபடும் இடத்தில் சிறிய எண் எதில் இருக்கிறதோ அதுவே வெல்லும். எண்களைக் கூட்டிப் பார்ப்பது விதி அல்ல, பலர் அப்படித்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

தமிழ்வழி மாணவர்கள் வழுக்குவது முன்னொட்டுகளை எழுதும் அகர வரிசையில். தமிழில் ‘ந’ முன்னால், ‘ப’ பின்னால். ஆனால் பெயரிடலில் ஆங்கில எழுத்து வரிசையே கணக்கு, ஆகவே புரோமோ முந்தும். எண்ணிக்கையைச் சொல்லும் டை (இரண்டு), ட்ரை (மூன்று) ஆகியவற்றை வரிசைக்கு எடுக்கக் கூடாது: 1-குளோரோ-2,4-டைநைட்ரோபென்சீன்.

தாய்ப்பெயர் தரும் தொகுதி இல்லாமல், எண்களும் சமமாக வந்தால், ஆங்கில வரிசையில் முந்துவதற்கே சிறிய எண்: 1-புரோமோ-3-குளோரோபென்சீன். ஆர்த்தோ (1,2), மெட்டா (1,3), பாரா (1,4) எல்லாம் இரண்டு பதிலிகள் (வளையத்தில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக நிற்பவை) வரைதான். மூன்றாவது வந்தால் எண்கள்தான்.