விசுவாசம் என்ற சொல்லின் மறுபாதி

கேள்வி: நான் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. அதிகாலை ஜெபத்தைத் தவிர ஊழியம் என்று எதற்கும் நேரமில்லை. அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தில் வளர நான் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் கடிதத்தில் 'விசுவாசம்' என்ற சொல்லைத் தாண்டி உடனே போக என்னால் முடியவில்லை. சபைக்கு வெளியே இருப்பவர்கள் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் நிம்மதியாக ஊருக்குப் போய்வரும்படி நடந்துகொள்கிற வேலையாளை அவர்கள் 'விசுவாசமான ஆள்' என்கிறார்கள். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல்தான் வருகிறது. நாமோ நோய் தீரும், கடன் அடையும், விசா கிடைக்கும் என்று சந்தேகமில்லாமல் எதிர்பார்ப்பதற்கே அதை ஒதுக்கிவைத்துவிட்டோம். சொல்லின் ஒரு பாதியை ஆலயத்துக்குள் எடுத்துவந்து மறுபாதியைத் தெருவில் விட்டுவிட்டோம். தெருவில் இருக்கிறவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

வேதாகமம் அதை இப்படிப் பிரிக்கவில்லை. 'தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' என்று ஆபகூக்கின் புத்தகத்தில் வாசிக்கிறோம் அல்லவா, அங்கே எபிரெய மூலத்தில் இருக்கிற 'எமூனா' என்ற அதே சொல்தான் 2 இராஜாக்கள் 12:15-இலும் வருகிறது. யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது, தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கொடுப்பதற்காகப் பணத்தைப் பெற்றுக்கொண்ட மனிதர்களிடம் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் அந்த வேலையை உண்மையாய் நடத்தினார்கள் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். தமிழில் ஓரிடத்தில் 'விசுவாசம்' என்றும் மற்றோரிடத்தில் 'உண்மை' என்றும் வந்துவிட்டதால், தீர்க்கதரிசியின் வசனமும் கொத்தனாரின் கூலிப் பணமும் ஒரே சொல்லின் கீழ் நிற்பது நம் கண்ணில் படுவதில்லை. கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணப்படும் விசுவாசமும், பிறர் நம்பும்படி நடப்பது என்ற இந்தப் பொருளில்தான் அங்கே வருகிறது என்று நான் வாசிக்கிறேன்.

இந்த யோவாஸ் பகுதியைக் காட்டி, 'சபையில் கணக்குக் கேட்பது அவிசுவாசம்' என்று முன்பு எனக்கு எழுதியவர்கள் உண்டு. அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: கணக்குக் கேளாதிருப்பது கொடுத்தவர்கள் மனமுவந்து தருகிற மரியாதையே தவிர, பணத்தை வைத்திருப்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அன்று. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றஞ்சாட்ட இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார் பவுல். அப்போஸ்தலருக்கே அந்த எச்சரிக்கை வேண்டியிருந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். இருவரும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து இங்கு வந்த மிஷனரிகள், ஒரே மிஷனைச் சேர்ந்தவர்கள். தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரை நம்பித்தான், 1779-இல் ஆங்கிலேயர் அவரைத் தூது அனுப்பியபோது, மைசூரை ஆண்ட ஹைதர் அலி தம் அரண்மனைக்குள் வர இடங்கொடுத்தார். பின்பு போர் மூண்டு தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, வெளியே தானியம் இருந்தும் அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு கூலி கொடுக்காமல் ஏமாற்றப்பட்ட குடியானவர்கள் அரசரின் வாக்கையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாக்கையும் நம்ப மறுத்தார்கள். தாமே பணம் கொடுப்பதாகச் சுவார்ட்ஸ் எழுதியனுப்பிய பிறகுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. அந்தக் குடியானவர்களில் பெரும்பாலானோர் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஆனாலும் அவருடைய எழுத்து அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மற்றவர் சென்னையில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர். தமிழ் வேதாகமத்தை அவரளவுக்கு உழைத்துச் செப்பனிட்டவர்கள் மிகச் சிலரே. ஒரு சொல்லுக்காக அவர் பட்டிருக்கும் பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அப்படிப்பட்டவர், பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பணத்தைத் திருப்பித் தராதவர்களுக்குக் கடனாகக் கொடுத்து இழந்து, முதிய வயதில் கடனுக்காகச் சிறையில் இருக்க நேர்ந்தது. அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை, அவருடைய பக்தியையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் சொல்லில் அத்தனை கண்ணும் கருத்துமாக இருந்த அந்தக் கை பிறர் பணத்தில் தளர்ந்துவிட்டது என்பது, ஊழியத்தைப் பெரிது சிறிது என்று பிரித்துப் பார்க்கும் நம் எல்லோருக்கும் வலிக்க வேண்டிய செய்தி.

'ஊழியத்துக்கு நேரமில்லை' என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளாதது இதனால்தான். 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று ஆலய வாசலில் சொல்லிவிட்டு, வீடு திரும்புவதற்குள் அந்தப் பெயரையே மறந்துவிடுகிறவர்களும், வர மனமில்லாத இடத்துக்குக் 'கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்' என்கிறவர்களும் நம்மிடையே ஊழியக்காரராக மதிக்கப்படுகிறார்கள். உங்களிடம் இருப்பதோ அளவுகோல். ரவிக்கைக்கு லைனிங் துணி கேட்டு ஒருவர் வருகிறார். துணியைப் பலகைமேல் தளர்வாக விரித்து அளக்கலாம், இரண்டு விரலால் பிடித்து இழுத்து விறைப்பாக வைத்தும் அளக்கலாம். இழுத்து அளந்தால் கத்தரித்த பிறகு துணி இரண்டு விரற்கடை சுருங்கி நிற்கும். வாங்கினவருக்கு அது தையற்காரரின் மேசையில்தான் தெரியும், அப்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். தளர்வாக விரித்து அளந்து, 'தைக்கக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள்' என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினால், யோவாஸின் நாட்களில் கூலிப் பணத்தைக் கையாண்ட அந்த மனிதர்கள் செய்த வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். அதிகாலையில் நீங்கள் ஜெபித்த ஜெபம் அந்தப் பலகைவரைக்கும் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. விசுவாசத்தை வேலைக்காரருக்கு மட்டுமே பிரசங்கிப்பது நம்மிடம் நெடுநாளாக இருக்கும் பழக்கம். எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு, ஆகையால் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் இருப்பது குறைவாகவே பிரசங்கிக்கப்படுகிறது. கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நீங்களோ காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதலாளி எந்தச் சபைக்குப் போகிறவராக இருந்தாலும், எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், அந்த இருக்கை உங்களுக்குச் சேர வேண்டியது. அது உங்கள் கடையில் போடப்பட்டிருக்கிறதா, போட்டிருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.