துண்டில் ‘வைரல் பீவர்’ என்று எழுதினால் என்ன நோய்?

தம்பிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மருந்தெடுத்த இடத்தில் துண்டில் ‘வைரல் பீவர்’ என்று எழுதித் தந்தார்கள், அது என்ன நோய், பனடோலோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் இருந்து கேட்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பீவர் என்றால் காய்ச்சல்தான். அது தனியொரு நோயல்ல, நோயின் அறிகுறி. உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல் என்பார்கள். ‘வைரல்’ என்றால் வைரஸால் வந்தது. எந்த வைரஸ் என்று அந்தத் துண்டில் இல்லை. சாதாரண சளிக்காய்ச்சலும் அதற்குள் வரும், டெங்கும் வரும்.

மாரி காலத்தில் நம் பக்கம் முதலில் நினைக்க வேண்டியது டெங்கைத்தான். அதில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும், நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்ற பேச்சும் தொடங்கிவிடும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, பல் முரசில் ரத்தம், சிறுநீர் குறைவது, கை கால் குளிர்ந்து சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மூன்று நாள் ஆகிவிட்டது, இன்றே எப்.பி.சி. என்ற, ரத்த அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறினால் அது நீர் கசிவதன் அடையாளம். அதனால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள். பனடோல் சொன்ன அளவுக்கு மட்டும். அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்) நன்றாகக் கொடுங்கள். சிவப்பு, கறுப்பு நிறக் குடிபானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா நிறமா என்று தெரியாமல் போகும்.

அப்புறம், தம்பி வட்டைக்குள், அதாவது வயலுக்குள், இறங்கி வேலை செய்தவரா? அப்படியென்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் காலில் உள்ள காயம் வழியாக உள்ளே போவதால் வருவது. கெண்டைக்கால் வலிக்கும், கண் சிவக்கும். அது பாக்டீரியா, அன்டிபயோட்டிக் தொடங்கத் தாமதித்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் வயல் வேலையை நீங்களே சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களிடமும் சொல்லிவிடுங்கள்: தடுப்புக்கு டொக்சிசைக்ளின் குளிசை இருக்கிறது, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விசாரிக்கலாம்.