மேக்கப் வாங்குவதை நிறுத்தினால் கையில் பணம் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 27. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தனியாக ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மேக்கப் என்றால் எனக்கு உயிர். விலை உயர்ந்த பிராண்டு எதையும் தொடுவதில்லை. குறைந்த விலையில் எது நன்றாக இருக்கிறது என்று தேடித் தேடித்தான் வாங்குவேன். இப்போது என்னிடம் 11 லிப்ஸ்டிக், 4 ஃபவுண்டேஷன், 3 மஸ்காரா இருக்கின்றன. அம்மாவும் தோழிகளும் "இந்த மேக்கப்பை விட்டாலே போதும், பணம் சேரும்" என்கிறார்கள். மூன்று மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். சம்பளத்தை 100 பங்காக வைத்தால் வாடகை, மின்சாரம், பயணம் 42, ஆப்பில் வரவழைக்கும் சாப்பாடு 23, வீட்டுக்கு வாங்கும் மளிகை, காய்கறி 11 (இதில் பாதி கெட்டுப்போய்க் குப்பைக்குத்தான் போகிறது), மேக்கப் 9, மற்றவை 12, சேமிப்பு 3. மேக்கப்பில் சிலவற்றைத் தவணையில் எடுத்திருக்கிறேன். சமைக்கத் தெரியும். ஆனால் வேலை முடிந்து வந்தால் அடுப்பைப் பற்றவைக்கவே மனம் வராது. மேக்கப்பை முழுதாக நிறுத்திவிடட்டுமா? ஆர்டர் செய்த தேதி, நேரம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் கணக்கை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

எல்லாரும் கைகாட்டுவது மேக்கப்பை. அது 9 பங்கு. சாப்பாட்டுக்கு மொத்தம் 34 பங்கு போகிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. லிப்ஸ்டிக் மேசையில் வரிசையாக நிற்பதால் கண்ணில் படுகிறது. நேற்று இரவு வந்த பொட்டலம் காலையில் குப்பையோடு போய்விடுகிறது. மேக்கப்பை முழுதாக நிறுத்தினால் மாதம் 9 பங்கு மிஞ்சும் என்பது காகிதத்தில் உண்மைதான். ஆனால் பிடித்த ஒன்றை ஒரே நாளில் அறவே விட்டவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாகத் திரும்ப வாங்கியதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

நீங்கள் நேரங்களையும் அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. சாப்பாட்டு ஆர்டர்களையும் மேக்கப் ஆர்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் மேக்கப் ஆர்டர் 19. அதில் 13, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு அது வந்து சேரும் வரை காத்திருந்த நேரத்தில் போனவை. பசி, களைப்பு, கையில் போன். சாப்பாடு வர நாற்பது நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு லிப்பாம். இரண்டு செலவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்த செலவு. அதனால் இரவுச் சாப்பாட்டைச் சரிசெய்தால் மேக்கப் செலவும் தானாகக் குறையும் என்று நம்புகிறேன்.

களைத்துப்போன நாளில் சின்னதாக ஒரு அழகுப் பொருள் வாங்கத் தோன்றுவது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. எஸ்டி லாடர் நிறுவனத்தின் தலைவராக இருந்த லெனார்ட் லாடர், 2001-இல் பொருளாதாரம் சரிந்தபோது லிப்ஸ்டிக் விற்பனை ஏறியதைக் கவனித்து அதற்கு 'லிப்ஸ்டிக் குறியீடு' என்றே பெயர் வைத்தார். எல்லாச் சரிவிலும் அது பொருந்தவில்லை. ஆனாலும் பெரிய செலவுக்கு வழியில்லாதபோது மனம் சின்ன ஆறுதலைத் தேடும் என்று அவர் கண்டது சரி. அந்த ஆறுதல் உங்களுக்கு இருக்கட்டும். அதற்கு ஓர் அளவு வைப்போம்.

சரி, முதலில் சமையலறை.

தினமும் சமையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலை முடிந்து வருகிறவரிடம் அப்படிச் சொன்னால் நாலு நாளில் விட்டுவிடுவார். வாரத்தில் இரண்டு முறை சமையுங்கள். மற்ற நாள்களில் சேர்த்துவைத்துச் சாப்பிடுங்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம், வார நடுவில் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் முழுச் சாப்பாடு தயாரிக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய பாத்திரம் பருப்போ பயறோ வேகவையுங்கள். வெங்காயம், தக்காளி வதக்கி ஓர் அடிப்படை மசாலா செய்து வையுங்கள். நான்கைந்து முட்டையை அவித்துக்கொள்ளுங்கள். கெட்டியான காய்களை நறுக்கி வையுங்கள். அப்புறம் அன்றன்றைக்குப் பத்து நிமிட வேலைதான். மசாலாவில் முட்டையைப் போட்டால் ஒரு நாள், பயறைப் போட்டால் இன்னொரு நாள், காயைப் போட்டால் வேறொரு நாள். ஆப்பில் வருவதைவிட இது சீக்கிரம் தட்டுக்கு வந்துவிடும்.

சமைத்ததைக் கெடாமல் வைப்பதும் பணம்தான். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பெரும்பாலான சமைத்த உணவு மூன்று நான்கு நாள் தாங்கும். சோறு மட்டும் அப்படி இல்லை. அதில் உள்ள ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, வெளியே கிடந்தால் நச்சை உண்டாக்கிவிடும். பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். மசாலாவையும் வேகவைத்த பயறையும் ஃப்ரீசரில் வைக்கலாம். டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுவேன், ஏனென்றால் தேதி இல்லாத டப்பாவைத் திறக்கப் பயந்தே மக்கள் ஆர்டர் செய்கிறார்கள்.

வாங்கிய காயில் பாதி அழுகுகிறது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது; அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. அந்த 105 கோடியில் உங்கள் வீட்டுக் கீரைக்கட்டும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அதைக் குறைப்பது சுலபம். வாரம் முழுவதும் நன்றாகச் சமைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வாங்கும் காய்தான் அழுகும். நாளையும் நாளை மறுநாளும் என்ன செய்வோம் என்று தெரிந்து வாங்கும் காய் அழுகாது. பருப்பு, தானியம் போன்ற காய்ந்த பொருள்களை மொத்தமாக வாங்குங்கள். கிலோ விலை குறையும், கெடவும் கெடாது. கீரைகளைச் சிறு அளவில் வாங்குங்கள், கிலோ விலை கூடினாலும் பரவாயில்லை.

இப்போது கணக்கு. 23 பங்கு வெளிச் சாப்பாட்டில் 12 பங்கை மட்டும் வீட்டுக்கு மாற்றுங்கள். உணவகத்தில் ஒரு பண்டத்தின் விலையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மூலப்பொருளுக்குப் போகும். மீதி வாடகை, ஆள், லாபம். ஆப்பில் வாங்கினால் அதற்கு மேல் டெலிவரி, இதர கட்டணங்கள். ஆக 12 பங்குச் சாப்பாட்டை, நீங்கள் சில்லறையில் வாங்கி எரிவாயுச் செலவும் சேர்த்தாலும், 5 பங்குக்குள் முடிக்கலாம். மிச்சம் 7. வீணாவது குறைந்தால் மளிகையில் 3. பிடித்த எதையும் விடாமல் சமையலறையிலிருந்து மட்டும் மாதம் 10 பங்கு வருகிறது. மீதி 11 பங்குக்கு வெளியே சாப்பிடுங்கள், தோழிகளோடு நன்றாகவே சாப்பிடுங்கள்.

அடுத்து மேக்கப். உங்கள் தேடல் மேல் எனக்கு மரியாதை உண்டு. விலை குறைவு என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. லிப்ஸ்டிக், பிளஷ், ஐஷேடோ எல்லாவற்றிலும் நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, மைக்கா போன்ற அதே நிறமிகள்தான். இத்தாலியின் இன்டர்காஸ், தென்கொரியாவின் காஸ்மேக்ஸ் மாதிரி ஒப்பந்தத்துக்குத் தயாரித்துத் தரும் நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கின்றன. கலவை மாறும், தரமும் மாறும். ஆனால் விலையை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. டப்பாவின் பின்னால் உள்ள பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் இருக்கலாம். முகப்பில் பெரிதாக அச்சடித்த பொருள் பட்டியலின் வாலில் இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

ஆனால் உங்கள் பிரச்சினை விலையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. 11 லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண லிப்ஸ்டிக் ஒன்றில் 3.5 கிராம் அளவு இருக்கும். அமெரிக்காவில் பெண்கள் எவ்வளவு பூசுகிறார்கள் என்று அளந்தபோது சராசரி நாளைக்கு ஏறத்தாழ 24 மில்லிகிராம் வந்தது. அப்படியானால் ஒரு லிப்ஸ்டிக் 145 நாள் வரும். 11 லிப்ஸ்டிக்? சுமார் 1,600 நாள், நான்கு வருடத்துக்கும் மேல். டப்பாவின் மேல் திறந்த மூடி போட்ட ஒரு படமும் அதற்குள் 12எம், 24எம் என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. ஆக, நீங்கள் இன்றிலிருந்து ஒன்றுகூட வாங்காவிட்டாலும் கையில் உள்ளதைக் காலத்துக்குள் தீர்க்க முடியாது. மலிவாக வாங்கி நாலு தடவை பூசியதைவிட, இரு மடங்கு விலைக்கு வாங்கி அடிவரை பூசித் தீர்த்ததே உங்களுக்கு லாபம். விலையைப் பூசிய தடவைகளால் வகுத்துப் பாருங்கள்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், கண் விஷயம். மூன்றில் ஏற்கெனவே நாள் தாண்டியதை இன்றே தூக்கிப் போடுங்கள். இனி வாங்கும்போது சின்ன டியூபாக வாங்குங்கள். மில்லி கணக்கில் விலை கூடுதலாக இருக்கும். ஆனாலும் கீரைக்குச் சொன்ன அதே கணக்குதான், தீர்க்கப்போகும் அளவுக்கு மட்டும் காசு கொடுப்பது. நான்கு ஃபவுண்டேஷன் சேர்ந்ததற்குக் காரணம் நிறம் பொருந்தாததாகத்தான் இருக்கும். அடர்ந்ததைக் கான்டூருக்கு, அதாவது கன்னம், தாடை ஓரங்களில் நிழல் போலப் பூசப் பயன்படுத்தலாம், வெளிறியதை அடர்ந்ததோடு கலந்து உங்கள் நிறத்துக்குக் கொண்டுவரலாம். அடுத்த முறை தாடை ஓரத்தில் தடவி, இரண்டு மணி நேரம் விட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள்; சில ஃபவுண்டேஷன் நேரம் ஆக ஆக நிறம் கறுக்கும். பணத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவதானால் இதில் போடுங்கள். லிப்ஸ்டிக், புருவப் பென்சில், பிளஷில் மலிவானதே போதும்.

மலிவும் போலியும் ஒன்றல்ல என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பெயர் பெற்ற பிராண்டு நம்ப முடியாத விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். சருமத்தை வெளுக்கச் செய்யும் என்று உள்ளே என்ன இருக்கிறது எனச் சொல்லாமல் விற்கும் கிரீம்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பாதரசம் கலப்பது இன்றும் நடக்கிறது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையில் அழகுசாதனப் பொருள்களையும் சேர்த்ததற்குக் காரணமே அதுதான். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மேக்கப்புக்கு மாதம் 4 பங்கு ஒதுக்குங்கள். அதைத் தனிக் கணக்கிலோ தனி வாலட்டிலோ போட்டுவிடுங்கள். ஒரு பொருள் தீர்ந்தால்தான் அதே வகையில் அடுத்தது. வாங்காத மாதத்தின் பணம் அடுத்த மாதத்துக்குச் சேரட்டும். உங்களுக்குப் பிடித்த ஒரு நல்ல பொருளுக்கு ஆசைப்பட்டால் அது இருக்கும். இலவச டெலிவரிக்காகக் கூடையில் இன்னொன்றைப் போடும் பழக்கம் உங்கள் பில்களில் தெரிகிறது. அதைவிட டெலிவரிக் கட்டணத்தையே கட்டிவிடலாம்.

இப்படிச் செய்தால் சமையலறையில் 10, மேக்கப்பில் 5, ஏற்கெனவே சேமித்த 3, மொத்தம் 18 பங்கு. வேலை போனால் உங்களுக்குத் தேவைப்படுவது வாடகை முதலிய 42, வீட்டுச் சமையலுக்கு 13, மற்றவற்றில் ஒரு 8, ஆக மாதம் 63. மூன்று மாத அவசர நிதி என்றால் 189 பங்கு. இப்போதைய வேகத்தில் அதற்கு ஐந்தே கால் வருடம் ஆகும். 18 பங்கு வைத்தால் பத்தரை மாதம். சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. முதல் மாதமே 18 முடியாவிட்டால் 10-இல் தொடங்குங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் தவணைகள். நான்கு தவணையாகப் பிரித்த பொருளின் விலை நாலில் ஒன்றாகத் தெரியும். அப்படி ஐந்து பொருள் எடுத்தால் மாதம் ஐந்து இடத்துக்குப் பணம் போகும், ஒன்றைத் தவறவிட்டாலும் அபராதம். எத்தனை தவணை நடக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று இன்று இரவே ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் கிடைக்கும் மிச்சத்தை அவற்றை முடிக்கவே கொடுங்கள், சிறிய பாக்கியிலிருந்து ஆரம்பித்து. வட்டி ஓடுவது ஏதாவது இருந்தால் அது முதலில். எல்லாம் முடிந்த மாதத்திலிருந்து அதே தொகையைச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். புதிதாகத் தவணையில் எதுவும் வேண்டாம்.

சமையலை இந்த விடுமுறை நாளிலேயே தொடங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து இதே பட்டியலை, ஆர்டர் செய்த நேரங்களோடு, மறுபடியும் எனக்கு அனுப்புங்கள். அந்தக் காத்திருக்கும் நாற்பது நிமிடத்தில் எத்தனை ஆர்டர் போயிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.