சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நல்ல நிறுவனங்கள் சுற்றுச்சூழலைப் பார்த்துக்கொள்ளத்தானே செய்யும்?

நீங்கள் நிர்வாகவியல் படிப்பவராகவோ, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் போதாதா, விதிமுறைகள் தொழிலுக்கு முட்டுக்கட்டைதானே" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் (நாங்கள் சொல்வது இ.டி.பி.) ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தவன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது பாக்டீரியா. அதற்குக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதனால் காற்றை ஊதும் புளோயர்கள் ராப்பகலாக ஓடும், கரன்ட் பில்லும் ஏறும். உற்பத்தி மேலாளருக்கு அந்த பில்லைப் பார்த்தாலே எரிச்சல். ராத்திரி ஷிஃப்டில் போன் போட்டு, "ஒரு புளோயரை நிறுத்து, காலையில போட்டுக்கலாம்" என்பார். விடிவதற்குள் தொட்டி பழுப்பு நிறம் மாறிக் கறுக்க ஆரம்பிக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செத்த பாக்டீரியாவைத் திரும்ப வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வருகிற கழிவை என்ன செய்வது? சுத்திகரிக்காமலே வெளியே விடும் பைபாஸ் வால்வைத் திற என்பார்கள்.

அப்புறம் விதி வந்தது. வால்வுக்கு சீல், வெளியேறும் குழாயில் மாசை அளக்கும் மீட்டர், அளவுகள் நேராக அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினிக்குப் போகும். அதே மேலாளர் மறுபடி போன் செய்தபோது, "சார், அளவு எகிறினா அங்கே மெசேஜ் போயிடும், எழுத்துல கொடுங்க, நிறுத்திடறேன்" என்றேன். எழுத்தில் வரவே இல்லை. மாதச் சம்பளக்காரன் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்வதற்கு அந்தச் சட்டம்தான் துணை நின்றது, யாருடைய நல்ல மனசும் இல்லை.

பெயர் பற்றிய பயம் என்கிறீர்களே, 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததே, அந்த யூனியன் கார்பைடு என்ன பெயர் தெரியாத கம்பெனியா? விஷவாயுத் தொட்டியைக் குளிர வைக்கும் கருவி அங்கே இருந்தது, ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் அன்றைக்கு வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1986இல்.

"விதி இருந்தாலும் ஏமாற்றுகிறார்களே" என்று ஒருவர் வருவார், தெரியும். மீட்டரின் சென்சாரைக் கழற்றி நல்ல தண்ணீர் வாளியில் போட்டு வைக்கும் ஆலைகள் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் கூடச் சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் வைத்திருந்தது, 2015இல் மாட்டியது. புகைக்கு வரம்பு என்று ஒன்று சட்டத்தில் இருந்ததால்தான் அதற்கு மோசடி என்று பெயர் வந்தது, இல்லாவிட்டால் அதுவும் ஒரு கார், அவ்வளவுதான். எல்லா விதியும் புத்திசாலித்தனமானது என்று நான் சொல்லவில்லை. ஒரே தகவலை வேறு வேறு படிவத்தில் எழுதிக் கை ஓய்ந்தவன் நான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். உற்பத்திப் பிரிவில் யாராவது சண்டை போட்டால் தண்டனையாக எங்கள் பிரிவுக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு இலக்கைத் தாண்டினால் ஊக்கத்தொகை, எங்களுக்கு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் அன்று பச்சை டீ-ஷர்ட். அன்றைக்கு மேலதிகாரிகள் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள், வருஷா வருஷம் அதே குழியில். பதவி உயர்வுப் பட்டியலில் இ.டி.பி. ஆள் ஒருவர் பெயரை நான் பார்த்ததே இல்லை.

சரி, "நல்ல நிறுவனம்" விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளி மோசமானவர் இல்லை. சுத்திகரிப்புச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவரே சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே சட்டம்னா நான் செலவு பண்றேன். போட்டிக்காரன் மட்டும் கழிவை அப்படியே திறந்து விட்டுட்டு என்னைவிடக் குறைச்சலா ரேட் போட்டா, நான் எத்தனை நாள் நல்லவனா இருக்க முடியும்?"