ஆறாவது வண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் குட்டிகளோடு ஒரு சிறுத்தை வேட்டைக்குக் கிளம்பியது. சுற்றி ஏற்கெனவே ஐந்து வண்டிகள். எங்கள் ஓட்டுநர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார், பிள்ளைகள் கெஞ்சியும் கிட்டே போகவில்லை. கோபத்தில் டிப்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டோம். எந்த மாதம் போனால் எல்லாவற்றையும் அருகில் பார்க்கலாம்?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை. மற்றவை எப்போதும் உண்டு.

நீங்கள் பார்த்தது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி (சீட்டா). கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கியிருக்குமே, அதுதான் அடையாளம். பெயர் போகட்டும். பிள்ளைகளின் ஏமாற்றமும் புரிகிறது. ஆனால் அந்த ஓட்டுநரை வெறுங்கையோடு அனுப்பியது அநியாயம்.

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது மாராவின் விதி. உங்களுடையது ஆறாவது வண்டி.

சிவிங்கி பெரும்பாலும் பகலில், நாம் சுற்றும் அதே நேரத்தில்தான் வேட்டையாடும். தலையைத் தாழ்த்திப் புல்லோடு புல்லாக நெருங்கிப் பிறகு பாயும். அந்த ஓட்டம் சில நூறு மீட்டர்தான் தாங்கும். அது போகும் திக்கில் ஒரு வண்டி முந்திப்போய் நின்றால் மான் தலை தூக்கிவிடும், வேட்டை போயிற்று. பிடித்தாலும் உடனே தின்ன முடியாது, அப்படி மூச்சு வாங்கும். அந்நேரம் கழுதைப்புலி வந்தால் இரையை விட்டு ஒதுங்கும், மல்லுக்கு நிற்கும் உடம்பில்லை. குட்டிகளை அழைக்கும் குரலோ குருவிக் கீச்சு. நாலைந்து டீசல் என்ஜின்கள் உறுமும்போது அது குட்டியின் காதில் எங்கே விழும்?

மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. வண்டிகள் குறைந்த பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல் குட்டிகள் தேறின. வண்டிகள் மொய்த்த பகுதியில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. திரும்பப் படியுங்கள், ஐந்து ஈற்றுக்கு ஒன்று.

அடுத்த முறை முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம், "அவசரமில்லை, கூட்டமிருந்தால் காத்திருப்போம்" என்று சொல்லிவிடுங்கள். டிப்ஸ் ஆசையில்தான் பலர் நெருங்குகிறார்கள். நின்றதும் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பைனாகுலர் இருக்கட்டும், 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி போகவே கூடாது. சிவிங்கி வண்டியையே திரும்பத் திரும்பப் பார்த்தாலோ, எழுந்து விலகினாலோ பின்வாங்கிவிடுங்கள்.

அழைத்துப்போன நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். அந்த டிப்ஸை அவர் கையில் சேர்க்க அவர்கள் வழி சொல்வார்கள்.