மவுஸ் பேடில் ஒரு போர்க்களம்: கேள்வி பதில்

இடைக்காலப் போர் ஓவியம் அச்சிட்ட மவுஸ் பேட் பற்றி வந்த கேள்விகள் இவை. படமும் அச்சும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த மவுஸ் வாங்கலாம் என்பதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பேயூ சித்திரத் துணி முழுவதையும் பெரிய டெஸ்க் மேட்டில் அச்சிட முடியுமா?

முடியும், ஆனால் பார்க்க முடியாது. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் தையலில் சொல்லும் இடைக்காலத் துணி இது. நீளம் ஏறக்குறைய 70 மீட்டர், உயரம் அரை மீட்டர்தான். அதை 90 சென்டிமீட்டரில் அடக்கினால் உயரம் 6 மில்லிமீட்டர் சொச்சம் வரும். வில்லியமின் படை எறும்பு வரிசையாகத்தான் தெரியும். ஒரே ஒரு காட்சியை எடுங்கள். 1066 ஹேஸ்டிங்ஸ் போரில் குதிரைகள் தலைகுப்புற விழும் இடம் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். கீழ்க்கரையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். செத்துக் கிடப்பவர்களின் இரும்பு வளையச் சட்டையைத் தலைவழியே உருவுவதெல்லாம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அச்சிடுபவர்கள் முதலில் கத்தரிப்பதும் அதைத்தான்.

இணையத்தில் கிடைத்த படம் போதுமா?

24×20 சென்டிமீட்டர் பேடுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், சுமார் 2835×2362 பிக்சல் வேண்டும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படம்?

மேலே பாருங்கள்.

கை பட்டுப் பட்டு அச்சு அழிந்துவிடுமா?

சப்ளிமேஷன் அச்சு என்றால் சீக்கிரம் அழியாது. சுமார் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். பருத்தியில் இது பிடிக்காது.

அதே துணியில், ஹேஸ்டிங்ஸில் மாண்ட இங்கிலாந்து அரசர் ஹெரால்டின் கண்ணில் அம்பு பாயும் காட்சி வேண்டும். அந்த ஆளை மட்டும் பெரிதாகப் போடலாமா?

அங்கேதான் வம்பு. ‘இங்கே ஹெரால்ட் அரசர் கொல்லப்பட்டார்’ என்ற லத்தீன் வரி இரண்டு பேரின் தலைக்கு மேல் ஓடுகிறது. ஒருவர் முகத்தருகே அம்பைப் பிடித்தபடி நிற்கிறார். அடுத்தவர் குதிரை வீரனின் வாள் தொடையில் பட்டுச் சாய்கிறார். ‘ஹெரால்ட்’ என்ற பெயர் முதலாமவர் தலையைச் சுற்றி இருக்கிறது, ‘கொல்லப்பட்டார்’ என்பதோ இரண்டாமவருக்கு மேலே. இருவரும் ஹெரால்டேதான் என்பாரும் உண்டு.

அம்பு அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இதில் என்ன சந்தேகம்?

நீங்கள் பார்ப்பது 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்த தையலையும் சேர்த்து. 18ஆம் நூற்றாண்டில் வரைந்த நகல்களில் அவர் கையில் இருப்பதற்கு இறகு கிடையாது. ஈட்டி என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் அம்பு பிற்காலக் கற்பனையா?

அவசரப்படாதீர்கள். இரண்டாமவர் தலையருகே, நூல் போய் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. அவர் கண்ணிலும் ஒரு காலத்தில் அம்பு இருந்தது என்று வாதிட அது போதும். என்னைக் கேட்டால், இருவரையும் சேர்த்தே அச்சிடுங்கள். ஒருவரை வெட்டினால் தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

வெட்டுப்படுபவர்தான் ஹெரால்ட் என்று எழுதிவிட வேண்டியதுதானே?

மாட்டேன். அம்பு விவகாரம் இத்துடன் போதும்.

சான் ரோமானோ போர் ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் உச்செல்லோ இந்தப் போரைப் பற்றி வரைந்தவை மூன்று பலகைகள். லண்டன், ஃப்ளாரன்ஸ், பாரிஸ் மூன்றிலும் ஒவ்வொன்று. தரையில் முறிந்து கிடக்கும் ஈட்டிகள் பெரும்பாலும் தூரத்துப் புள்ளியை நோக்கியே விழுந்திருக்கும், படத்தில் ஆழம் தெரிவது அப்படித்தான். அதனால் இங்கேயும் கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால்?

அதே பதில்.

எப்படிக் கழுவுவது?

வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய தேய்ப்பு. நிழலில் உலர்த்துங்கள், இஸ்திரி போட வேண்டாம். அடியில் இருப்பது ரப்பர்.