விளக்கை அணைத்துக் குளித்த நாட்கள்

கேள்வி: குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் வயிற்றில் துவாரமிட்டு, மலம் சேர வெளியே பை பொருத்தியிருக்கிறார்கள். சேலை கட்டவே கூசுகிறது. கணவர் எதிரில் உடை மாற்றுவதில்லை. இது என் உடம்புதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, எனக்குப் பை பொருத்தி 9 ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதம் விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளித்தேன். பிறகு ஒரு நாள் துவாரத்தில் தெரியும் சதையை உற்றுப் பார்த்தேன். வாயின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது, தொட்டால் வலிக்கவில்லை. அது புண் அன்று, என் குடல்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள், புடைப்புத் தெரியாது. பாவாடை நாடா துவாரத்தின் மேல் இறுக வேண்டாம்; நான் எலாஸ்டிக் பாவாடைக்கு மாறிவிட்டேன்.

உங்களுக்கு மனம் வரும்போது, பை மாற்றக் கணவரின் உதவியைக் கேளுங்கள். என் கணவர் கை நடுங்க ஒட்டினார். அன்றிரவுதான் அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.